கிழமை கேட்ட மெம்பரம்மா

அவர் வருகிறார் என்று தெரிந்தால் எங்கள் ஆபீசில் மூன்று பேர் பின்வாசல் வழியாக டீ குடிக்கப் போய்விடுவார்கள். நானும் இரண்டு முறை போயிருக்கிறேன். அவர் சத்தம் போடுகிறவர் அல்ல. யாரையும் கடிந்து ஒரு வார்த்தை சொல்லி நான் கேட்டதில்லை. ஒரே ஒரு கேள்வி கேட்பார். அதற்குப் பதில் சொல்ல முடியாமல்தான் நாங்கள் டீக்கடைக்கு ஓடினோம்.

அறுபதுகளின் கடைசி. சேலத்திலிருந்து பிரிந்து தருமபுரி தனி மாவட்டமாகிச் சில வருடங்கள்தான் ஆகியிருந்தன. மாவட்டத்தின் மேற்கே, காட்டை ஒட்டிய ஒரு பஞ்சாயத்து யூனியனில் நான் ஓவர்சியராக வந்து சேர்ந்தேன். ரோடு, கிணறு, பள்ளிக்கூடக் கட்டடம் எல்லாவற்றுக்கும் எஸ்டிமேட் போடுவதும், வேலை முடிந்த பிறகு நேரில் போய் அளந்து அளவுப் புத்தகத்தில் எழுதுவதும் என் வேலை. நான் எழுதினால்தான் கான்ட்ராக்டருக்கு பில் ஆகும்.

அந்தக் காலத்தில் பெண்கள் தேர்தலில் நின்று யூனியனுக்கு வருவது அபூர்வம். அதனால் பெண் மெம்பர் என்று யாராவது ஒருவரை கவுன்சிலே சேர்த்துக்கொள்ளும். அப்படிச் சேர்க்கப்பட்டவர் அவர். நான்கு ஏக்கர் மானாவாரி நிலமும் ஒரு கிணறும் உள்ள குடும்பம். கணவர் வாய் திறக்காத மனிதர். அந்த அம்மா வந்து காபி குடித்துவிட்டு, சொன்ன இடத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போய்விடுவார் என்று சேர்மன் நினைத்திருந்தார். வருகைப் பதிவேட்டில் அவர் பெயர் இருக்கத்தான் செய்தது. ஆனால் அந்தப் பெயரைச் சொல்லி யாரும் கூப்பிட்டதில்லை. எல்லாருக்கும் மெம்பரம்மா.

முதல் கூட்டம் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. அவருடைய ஊருக்கு ரோடு என்பது பட்டியலில் கடைசி. சேர்மன் பேப்பரை மடித்துக்கொண்டே, "அதெல்லாம் சீக்கிரம் செஞ்சிடலாம்மா" என்றார். எல்லாரும் எழுந்திருக்கப் போனார்கள். அவர் ஏற்கெனவே எழுந்து நின்றிருந்தார்.

"எந்தக் கெழமைங்க?"

சேர்மனுக்குப் புரியவில்லை. "என்னம்மா?"

"சீக்கிரம்னு சொன்னீங்களே, எந்தக் கெழமைன்னு கேட்டேனுங்க."

அறை முழுக்கச் சிரிப்பு. அவர் கோபித்துக்கொள்ளவும் இல்லை, கூடச் சேர்ந்து சிரிக்கவும் இல்லை. மழை விடட்டும் என்று ஒதுங்கி நிற்கிறவர் மாதிரி சிரிப்பு ஓயும்வரை நின்றார். யூனியன் ஆபீசை நடத்தும் கமிஷனர் என் பக்கம் கையைக் காட்டி, "மாசக் கடைசிக்குள்ள ஓவர்சியர் வந்து எடம் பாப்பாரும்மா" என்றார்.

"மாசக் கடைசி எந்தக் கெழமையில வருதுங்க?"

சுவரில் காலண்டர் தொங்கியது. "வெள்ளிக்கிழமை" என்று நான் சொல்லிவிட்டேன்.

"அப்ப வெள்ளிக்கெழமை பஸ் ரோட்டுல, எங்கூரு பிரியற எடத்துல நிக்கறேனுங்க சார்" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தார்.

அந்த வெள்ளிக்கிழமையை நான் மறந்தே போனேன். மறுவாரம் பஸ் கண்டக்டர் ஒருவர் சொல்லித்தான் தெரிந்தது: காலை முதல் பஸ் போகும்போதும் அந்த அம்மா அங்கே நின்றிருக்கிறார், சாயங்காலம் அதே பஸ் திரும்பும்போதும் நின்றிருக்கிறார். அடுத்த கூட்டத்தில் என்னைப் பற்றிப் புகார் சொல்வார் என்று பயந்துகொண்டு உட்கார்ந்திருந்தேன். அவர் என்னிடம் வந்து மெதுவாகத்தான் கேட்டார். "போன வெள்ளிக்கெழமை உங்களுக்குத் தோதுப்படலீங்களாட்டம் இருக்குது. வர்றதுல எந்தக் கெழமை தோதுப்படும் சார்?"

புதன்கிழமை போனேன்.

பஸ் ரோட்டிலிருந்து மூன்று மைல் வண்டித்தடம். முக்கால் மைலில் ஓர் ஓடை. இரண்டாவது மைலில் அவர் ஊர். ஊரைத் தாண்டி இன்னோர் ஓடை. அதற்கு அப்பால், கரட்டுக் குன்றின் அடிவாரத்தில் காலனி. ஐம்பது வீடுகள் இருக்கும். அங்கே சிலர் வீட்டுக்குள் கன்னடம்தான் பேசுவார்கள். ஐப்பசி மழை பிடித்துவிட்டால் ஊர் ஒரு தீவு, காலனி இன்னொரு தீவு. வாத்தியார் வரமாட்டார், ரேஷன் கடைக்கு மூட்டை வராது. செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு நான் நடந்தேன். அவர் எனக்கு முன்னால் நடந்தார். உயரமான ஒல்லி உடம்பு, கட்டம் போட்ட நூல் சேலை, சுமை தூக்கித் தூக்கி இடது தோள் கொஞ்சம் இறங்கியிருக்கும். திரும்பிப் பார்த்து, பார்த்தீர்களா எவ்வளவு மோசம் என்று ஒரு தடவைகூடச் சொல்லவில்லை.

ஏன் எப்போதும் கிழமை கேட்கிறீர்கள் என்று அன்றுதான் கேட்டேன்.

"தேதி சொன்னா மறந்துபோயிடுங்க சார். கெழமைன்னா சந்தைக்குச் சந்தை கண்ணு முன்னால வந்து நிக்கும். சொன்னவங்களுக்கும் உறுத்தும், கேட்டவங்களுக்கும் உறுத்தும்" என்றார். கொஞ்ச தூரம் போன பிறகு, கேட்காமலே சொன்னார்: "எனக்கு ஏழு வயசுல எங்கப்பன் குடகு காப்பித் தோட்டத்துக்கு வேலைக்குப் போனாருங்க. சீக்கிரம் வந்துடறேன் பாப்பான்னாரு. எந்தக் கெழமைன்னு நான் கேக்கலை."

ஓடை வந்தது, இறங்கிக் கடந்தோம்.

ஆபீசில் மட்டும்தான் இப்படி என்று நினைத்துவிடக்கூடாது. பாப்பாரப்பட்டியில் துணி தைக்கும் பாய் ஒருவர், "அந்தம்மா துணி குடுத்தா மத்த துணியெல்லாம் ஓரமா வச்சிட்டு அதத்தான் மொதல்ல தைப்பேன், சாமி. இல்லாட்டி கடை வாசல்ல வந்து நிப்பாங்க, ஒண்ணும் சொல்லமாட்டாங்க, நிப்பாங்க" என்பார். மெம்பரம்மாவின் மகளைப் பெண் பார்க்க வந்தவர்கள் வழக்கப்படி, "வூட்டுக்குப் போய்ப் பேசிட்டுச் சொல்லி அனுப்பறோமுங்க" என்றிருக்கிறார்கள். இவர் வாசல் வரை போய், "எந்தக் கெழமைங்க?" என்று கேட்டிருக்கிறார். இதென்ன மரியாதை கெட்ட பேச்சு என்று மாப்பிள்ளையின் சித்தப்பா குதித்தாராம். மாப்பிள்ளையின் அம்மா மட்டும் நின்று யோசித்து, "திங்கக்கெழமைங்க" என்றாராம். அதே திங்கட்கிழமை வெற்றிலை பாக்கோடு வந்தார்கள். "கெழமை சொல்ற சம்பந்தி கெடைக்கறது கஷ்டம்" என்று அந்தச் சம்பந்தியம்மாளைப் பற்றி மெம்பரம்மா ரொம்பப் பெருமையாகச் சொல்வார்.

ஆனால் அந்தக் கேள்வியில் ஒரு கடுமையும் உண்டு. அவருடைய மாமனாரைத் தருமபுரி பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தபோது நான் பார்க்கப் போயிருந்தேன். டாக்டர் தலையை ஆட்டி, "இனி ஒண்ணும் இல்லம்மா, வீட்டுக்குக் கூட்டிட்டுப் போங்க" என்றார். சுற்றி நின்ற சொந்தக்காரர்கள் அழத் தொடங்கினார்கள். இவர் டாக்டரை விடவில்லை. "எந்தக் கெழமை வரைக்கும் இருப்பாருங்க?"

அழுதுகொண்டிருந்தவர்கள்கூட நிறுத்திவிட்டு அவரைப் பார்த்தார்கள்.  இந்தப் பெண்ணுக்கு நெஞ்சு கல்லா என்று எனக்கே தோன்றியது. டாக்டர் முகம் சுளித்து, "சனிக்கிழமை தாண்டாது" என்று சொல்லிவிட்டுப் போனார். அவர் நேராகத் தபாலாபீசுக்கு நடந்து, பெங்களூரில் மில் வேலையில் இருந்த கடைசிக் கொழுந்தனாருக்குத் தந்தி கொடுத்தார். அந்தப் பையன் வெள்ளிக்கிழமை காலையில் வந்து சேர்ந்தான். அப்பனும் மகனும் அரை நாள் பேசிக்கொண்டிருந்தார்கள். சனிக்கிழமை விடியலில் பெரியவர் போய்விட்டார்.

அடுத்தடுத்து இரண்டு வருடம் மழை பொய்த்தது. கேழ்வரகும் போச்சு, கொள்ளும் போச்சு. சர்க்கார் பஞ்ச நிவாரண வேலை திறந்தது. மண் வெட்டி ரோடு போட்டால் தினக்கூலி. அவர் ஊர் ரோடும் அதில் வந்தது. மெம்பரம்மா என்று மற்றவர்கள் தடுத்தும் கேட்காமல், சும்மாட்டுத் துணியைத் தலையில் வைத்துக்கொண்டு அவரும் மண் சுமந்தார். மூன்று மைலுக்கும் மண் மேடாக ஏறியது. பார்க்க நன்றாகத்தான் இருந்தது. அந்த வருடம் மழை பெய்தது. இரண்டு ஓடைகளும் ஒரே நாளில் ரோட்டை அறுத்துக்கொண்டு போயின. மிச்சமிருந்த மண் சேறாகி, வண்டிகள் பழைய தடத்துக்கே இறங்கின.

கமிஷனரிடம் அவர் வந்து நின்றார். "அய்யா, நாங்க போட்ட ரோடு தண்ணியோட போயிடுச்சுங்க. ஓடைக்குச் சிமெண்டுக் கொழா வேணும், மேல கிராவல் வேணுங்க."

"பஞ்ச நிதியில கூலி மட்டும்தாம்மா குடுக்கலாம். குழாய் வாங்க முடியாது, அது ரூல்."

"அடுத்த பஞ்சத்துக்கும் மண்ணுதான் போடுவீங்களாங்க?"

கமிஷனர் நல்ல மனிதர். ஒரு ஃபைலைப் புரட்டிவிட்டு, "கிராமச் சாலைக்குன்னு தனியா ஒரு மானியம் இருக்குது. கலெக்டர் ஆபீசுக்கு எழுதிக் கேக்கணும்" என்றார்.

"எந்தக் கெழமை எழுதுவீங்க?"

அவர் சொன்ன கிழமையில் வந்து, லெட்டர் டைப் ஆகும்வரை பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். கவர் ஒட்டியதும், இது எந்தக் கிழமை தருமபுரி போய்ச் சேரும் என்று தபால் குமாஸ்தாவைக் கேட்டுக்கொண்டார். அந்தக் கிழமை தருமபுரிக்கே போய்விட்டார். "அந்தம்மா உங்க தபாலுக்கு முன்னாடியே வந்துட்டாங்கப்பா" என்று கலெக்டர் ஆபீஸ் நண்பன் என்னிடம் சொல்லிச் சிரித்தான். இப்படி ஒன்றரை வருடம். ஒவ்வொரு மேசைக்கும் ஒரு கிழமை. கடைசியில் மூன்று மைலுக்குக் கிராவலும் இரண்டு ஓடைக்குக் குழாய்ப் பாலமும் என்று ஆர்டர் வந்தது. அன்று அவர் ஆர்டர் பேப்பரைக் கையில் வாங்கி, தலைகீழாகப் பிடித்துக்கொண்டே ரொம்ப நேரம் பார்த்தார்.

இனி என் பங்குக்கு வருகிறேன்.

கான்ட்ராக்ட் சேர்மனுக்கு வேண்டியவர் ஒருவருக்குப் போனது. அவர் பஸ் ரோட்டுப் பக்கமிருந்து அரை மைலுக்குக் கிராவல் போட்டார். ஜீப்பில் வருகிறவர்கள் கண்ணுக்குத் தெரிகிற தூரம் அவ்வளவுதான். குழாய்களைக் கொண்டுவந்து ஓடைக்கரையில் உருட்டிவிட்டார். அதோடு ஆட்களை வேறு வேலைக்கு மாற்றிவிட்டார். மார்ச் மாதம் வந்துவிட்டது. முப்பத்தொன்றாம் தேதிக்குள் செலவாகாத நிதி சர்க்காருக்குத் திரும்பிவிடும். எங்கள் பாஷையில் லாப்ஸ்.

என் மேலதிகாரி என்னைக் கூப்பிட்டார். "மூணு மைலும் முடிஞ்சதா எழுதிடுய்யா. இல்லைன்னா பணம் போயிடும், பாவம் அந்த ஊர்தான் கஷ்டப்படும். மழைக்கு முன்னால அவன் போட்டுக் குடுத்துடுவான். நான் பொறுப்பு."

ஊரின் நன்மைக்குத்தான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். மேசையில் உட்கார்ந்தபடியே நீளம், அகலம், கனம் எல்லாவற்றையும் எழுதினேன். ஒரு வியாழக்கிழமைத் தேதியைப் போட்டேன்.

சனிக்கிழமை காலை அவர் வந்தார். அன்று பின்வாசலுக்குப் போக எனக்கு நேரம் கிடைக்கவில்லை.

"எங்கூரு ரோட்ட அளந்து எழுதியாச்சுன்னு கான்ட்ராக்டர் ஆளு டீக்கடையில சொல்றானுங்க. நெசமாங்க சார்?"

"ஆமாம்மா."

"எந்தக் கெழமை அளந்தீங்க?"

"வியாழக்கிழமை" என்றேன். 

அவர் என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தார். "வியாழக்கெழமை எங்க எரும கன்னு போட்டுச்சுங்க. ஓடக்கரையில மேயப் போனது, வலியெடுத்து அங்கியே படுத்துக்கிச்சு. காலையில இருந்து பொழுது சாயற வரைக்கும் நான் அந்தக் கொழா மேலதான் உக்காந்திருந்தேன்."

நான் தலையைக் குனிந்துகொண்டேன். கத்துவார், சேர்மனிடம் போவார், கலெக்டருக்கு மனு போடுவார் என்றெல்லாம் மனதில் ஓடியது. அவர் எதிரே இருந்த ஸ்டூலில் உட்கார்ந்தார்.

"எழுதினத அழிக்க முடியுமாங்க?"

"அழிக்கக்கூடாதும்மா. குறுக்கே கோடு போட்டு, ரத்துன்னு எழுதிக் கையெழுத்துப் போடணும்."

"அப்ப கோடு போடுங்க."

"அம்மா, யோசிச்சுப் பேசுங்க. இன்னும் ஒரு வாரந்தான் இருக்குது. கோடு போட்டா பணம் திரும்பிப் போயிடும். ஒன்றரை வருஷம் நீங்க அலைஞ்சதெல்லாம் வீணாயிடும். உங்க ஊருக்குத்தானே நஷ்டம்?"

அவர் அவசரப்படவில்லை. "பணம் போனா மறுபடி கேக்கலாமுங்க. எனக்குக் காலு இருக்குது, நடப்பேன். ஆனா ரோடு இருக்குதுன்னு நீங்க எழுதிட்டீங்கன்னா, இருக்கிற ரோட்டுக்கு எவனுங்க பணம் குடுப்பான்? எம்மவன் கேட்டாலும் இல்ல, எம் பேரன் கேட்டாலும் இல்ல. புஸ்தகத்துல ரோடு போவும், நாங்க சேத்துல போவோம்."

நான் அளவுப் புத்தகத்தை எடுத்தேன். கோடு போட்டேன். கோடு கோணலாக விழுந்தது. அவருக்குப் படிக்கத் தெரியாது. ஆனாலும் பக்கத்தைத் தன் பக்கம் திருப்பி, கோடு கடைசி வரிவரை வந்திருக்கிறதா என்று பார்த்தார்.

"எந்தக் கெழமை வர்றீங்க அளக்கறதுக்கு?"

"திங்கட்கிழமை."

"நாளைக்கு?"

"நாளைக்கு ஞாயித்துக்கிழமை, லீவு."

"லீவு ஆபீசுக்குத்தானுங்களே" என்றார்.

மேலதிகாரி அன்று மத்தியானம் என்னைத் திட்டிய திட்டை இங்கே எழுத முடியாது. கான்ட்ராக்டரும் வந்தார். மேசையைத் தட்டினார். ஆனால் கோடு போட்ட கணக்குக்கு பில் ஆகாது என்பது அவருக்கும் தெரியும். ஏழு நாளில் எவ்வளவு போடுகிறாரோ அவ்வளவுக்குத்தான் அளவு என்று நான் சொல்லிவிட்டேன். அவ்வளவு துணிச்சல் எனக்கு எங்கிருந்து வந்தது என்று தெரியவில்லை. காலையில் பட்ட வெட்கம்தான் அப்படிப் பேச வைத்திருக்க வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை டேப்பும் முளைக்குச்சிகளும் எடுத்துக்கொண்டு போனேன். ஊர் மொத்தமும் நின்றிருந்தது. கான்ட்ராக்டரும் வந்திருந்தார். விட்ட இடத்திலிருந்து, அதாவது அரை மைலிலிருந்து, ஊரைப் பார்த்துப் போட்டுக்கொண்டு வருவதாகச் சொன்னார். ஊர்க்காரர்களும் தலையாட்டினார்கள். ஏழு நாளில் ஒன்றரை மைல் முடியும், ரோடு ஊருக்கு வந்துவிடும்.

"வேண்டாமுங்க. காலனியில இருந்து போட்டுக்கிட்டு வரட்டும்" என்றார் மெம்பரம்மா.

எல்லாரும் ஒரே நேரத்தில் பேசினார்கள். அவருடைய மூத்த கொழுந்தனார், கணவரின் அண்ணன், துண்டை உதறிக்கொண்டு முன்னால் வந்தார். "ஊர வுட்டுட்டுக் காலனிக்கா மொதல்ல? நாங்க என்ன மனுசங்க இல்லையா? உனக்குப் புத்தி கித்தி கெட்டுப்போச்சா?"

"இந்தப் பக்கமிருந்து போட்டா நம்ம வூட்டு வாசலோட ரோடு நின்னுடுங்க மாமா. பொறவு யாரு கேப்பா? நீங்க கேப்பீங்களா? அந்தப் பக்கமிருந்து போட்டா நடுவுல பள்ளம் நிக்கும். பள்ளத்துல எறங்கி ஏறறது நீங்கதான். ஒவ்வொரு சந்தைக்கும் நீங்களே கேப்பீங்க."

காலனியிலிருந்து வந்திருந்த ஒரு பெண், கையில் மண்வெட்டியோடு நின்றவள், அவர் காதோரம் சொன்னாள். "மெம்பரம்மா, வேண்டாமுங்க. எங்க பக்கமிருந்து ஆரம்பிச்சா உங்காளுங்க சண்டைக்கு வருவாங்க."

"சண்டைக்கு வர்றவங்க வண்டியோட வரட்டும்" என்றார் அவர், எல்லாருக்கும் கேட்கிற மாதிரி.

அதுவரை பேசாமல் நின்ற நான் அப்போது வாயைத் திறந்தேன். கிராவல் குழி கரட்டடியில், காலனிக்குப் பக்கத்தில்தான் இருந்தது. தூரம் குறைவு, வண்டி நடை மிச்சம், அங்கிருந்து ஆரம்பிப்பதுதான் முறை என்று ஓவர்சியர் தோரணையில் சொன்னேன். சொன்னது உண்மைதான். அதை யாராவது சொல்ல வேண்டும் என்று அவர் காத்திருந்தாரா என்பது எனக்கு இன்றுவரை தெரியாது.

அது புளி உலுக்குகிற பருவம். வண்டியெல்லாம் புளி ஏற்றப் போய்விடும், கிடைப்பது கஷ்டம். முதல் நாள் ஐந்து வண்டிகள்தான் வந்தன. அதில் ஒன்று அவருடையது. கணவர் பேசாமல் ஓட்டிக்கொண்டு வந்தார். காலனி முழுக்கக் குழியில் இறங்கியது. கான்ட்ராக்டர் குடையைப் பிடித்துக்கொண்டு கரையில் நின்று, கூலியைக் குறைக்கப் பார்த்தார். மெம்பரம்மா அவர் பக்கத்தில் போய் நின்றார். ஒன்றும் சொல்லவில்லை. கூலி குறையவில்லை. புதன்கிழமை ஓடையில் குழாய்களை இறக்கினோம். அன்று சாயங்காலம் கொழுந்தனார் வண்டியோடு வந்தார். முகத்தைத் திருப்பிக்கொண்டே கிராவல் கொட்டினார். அவர் வந்ததும் மேலும் பத்து வண்டிகள் வந்தன. வெயிலில் கிராவல் தூசி செக்கச்செவேலென்று எல்லார் மேலும் படிந்து, யார் ஊர், யார் காலனி என்று தூரத்திலிருந்து பார்த்தால் தெரியவில்லை. பக்கத்தில் போனால் தெரிந்தது. தண்ணீர்ப் பானைகள் இரண்டாகத்தான் இருந்தன. அதையும் எழுதத்தான் வேண்டும்.

சனிக்கிழமை, முப்பத்தொன்றாம் தேதி, கல் உருளையை மாடுகள் கடைசியாக இழுத்து முடித்தபோது ரோடு காலனியிலிருந்து ஊரைக் கடந்து கால் மைல் வந்திருந்தது. நான் டேப்பைப் பிடித்து அளந்தேன். மறுமுனையை அவர் பிடித்தார். ஒன்றே கால் மைல், ஒரு பாலம். முன்பே போட்டிருந்த அரை மைலையும் சேர்த்து, போட்டதை மட்டும் எழுதினேன். மீதி நிதி திரும்பிப் போனது. அதற்காக எனக்கு ஒரு மெமோ வந்தது, பதிலும் எழுதினேன்.

அவர் சொன்னபடியே நடந்தது. இந்தப் பக்கம் அரை மைல், அந்தப் பக்கம் ஒன்றே கால் மைல், நடுவே பள்ளம். அந்த மழைக்காலம் முழுக்க ஊர்க்காரர்கள் அந்தப் பள்ளத்தில் வண்டியைத் தள்ளினார்கள். தள்ளிய கையோடு யூனியன் ஆபீசுக்கு வந்தார்கள். முன்னால் வந்தவர் கொழுந்தனார். கமிஷனர் முன்னால் துண்டை உதறி, எப்போது போடுவீர்கள் என்று அவர் கேட்டதை நான் என் காதால் கேட்டேன். அடுத்த வருடமே மீதி வேலைக்கு நிதி வந்தது. வேறு கான்ட்ராக்டர். நான் ஒவ்வொரு பர்லாங்குக்கும் நேரில் போய் அளந்தேன்.

அதற்குள் கவுன்சில் மாறிவிட்டது; சேர்மன் மட்டும் அதே ஆள். மெம்பரம்மாவை மறுபடி சேர்க்கவில்லை. யாரும் அதற்குக் காரணம் சொல்லவில்லை, அவரும் கேட்கவில்லை.

திறப்பு விழா பஸ் ரோட்டு முனையில் நடந்தது. வாழைமரம் கட்டி, ரோட்டுக்குக் குறுக்கே சிவப்பு ரிப்பன் கட்டியிருந்தார்கள். சேர்மன் வந்துவிட்டார். மாலைகள் வந்துவிட்டன. தருமபுரியிலிருந்து வரவேண்டிய அதிகாரியின் ஜீப் வரவில்லை. மைக்கில் ஒருவர், இதோ வந்துவிடுவார் என்று சொல்லிக்கொண்டே இருந்தார். ரோடு வேண்டும் என்று முதலில் கேட்டவர் சேர்மன்தான் என்றும் சொன்னார். நான் கூட்டத்தில் மெம்பரம்மாவைத் தேடினேன். இல்லை.

அப்போது ரோட்டின் உள்பக்கமிருந்து மணிச் சத்தம் கேட்டது. மூன்று மாட்டு வண்டிகள் வரிசையாக வந்தன. மூன்றிலும் கூடை கூடையாகத் தக்காளி. அந்தப் பக்கத்தில் அதுவரை யாரும் தக்காளி போட்டதில்லை; அந்தத் தடத்தில் கொண்டுவந்தால் பஸ் ரோடு வருவதற்குள் கூழாகிவிடும். முதல் வண்டியை, அன்று மண்வெட்டியோடு நின்ற காலனிப் பெண்ணின் புருஷன் ஓட்டிவந்தான். கடைசி வண்டிக்குப் பின்னால், ஒரு கூடையைக் கையால் அணைத்துப் பிடித்தபடி மெம்பரம்மா நடந்து வந்தார்.

ரிப்பனைப் பார்த்து மாடுகள் நின்றன. யூனியன் ஆள் ஒருவர் ஓடிப்போய், "ஓரங்கட்டுங்க, ஓரங்கட்டுங்க, விழா முடியட்டும்" என்று கத்தினார்.

மெம்பரம்மா முன்னால் வந்தார். சேர்மனைப் பார்த்துக் கும்பிட்டார். "விழா நடக்கட்டுமுங்க. பாலக்கோட்டுக்குப் போற லாரி பதினோரு மணிக்குக் கெளம்பிடும். வெயில் ஏறுனா காய் அழுகிடுங்க."

சேர்மன் வாயைத் திறப்பதற்குள் அவர் ரிப்பனை இரண்டு கையாலும் தூக்கிப் பிடித்தார். மாடுகள் தலையைத் தாழ்த்திக்கொண்டு அடியில் நுழைந்தன. ஒவ்வொன்றாக மூன்று வண்டிகளும் பஸ் ரோட்டில் ஏறின. பிறகு அவர் ரிப்பனைப் பழையபடியே இறக்கி, முறுக்கியிருந்த இடத்தை நீவிச் சரிசெய்துவிட்டு, குனிந்து அதன் அடியில் புகுந்து வண்டிகளுக்குப் பின்னால் நடந்தார்.

அதிகாரி வந்து ரிப்பனை வெட்டும்போது மணி பன்னிரண்டு.